ரைட்டருக்கு யார் வகுப்பு எடுப்பது?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலிக்குக் கூடலூர் மழை ஆகாது என்று எழுதியிருக்கிறாய், சரிதான். ஆனால் ரிட்டயர் ஆன பிறகும் மலையை விட்டு இறங்க மனசில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் பயிற்சி முடித்து இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்திருக்கிறாள். சாயங்காலம் வந்தால் இப்போதைய பயிற்சி எப்படி என்று கேள்வி கேட்டே துளைத்துவிடுகிறேன். நம் பயிற்சியில் விடியற்காலை விசில், பரேடு, லத்தி டிரில், மத்தியானம் ஐ.பி.சி. என்கிற இந்திய தண்டனைச் சட்ட வகுப்பில் தூக்கம். அந்த ஐ.பி.சி.யே இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றினால் வீடியோ எடுத்தாக வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவு. 2020-ல் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்து அப்பாவும் மகனும் செத்தார்களே, அதற்குப் பிறகு ஜனங்களும் மாறிவிட்டார்கள். சீசனில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னாலே செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். பிடிக்கட்டுமே!

போன வாரம் பணியர் பழங்குடிப் பாட்டி ஒருவர் மனு கொடுக்க வந்து ஸ்டேஷன் வாசலிலேயே நின்றிருக்கிறார். இவள் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் பேச்சு புரிகிற கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டி, மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையும் கையில் கொடுத்திருக்கிறாள். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டருக்குப் பொறுக்கவில்லை. "டிரெயினிங்ல படிச்சதை அங்கேயே விட்டுட்டு வரணும்மா. ஒவ்வொருத்தருக்கும் இப்படி உட்கார்ந்தா பந்தோபஸ்துக்கு யார் போறது?" என்றாராம்.

ஆள் பற்றாக்குறை நிஜம்தான், அவரைத் திட்டவும் முடியவில்லை. ஆனால் ஏழு மாதம் படித்ததை ஸ்டேஷன் ஒரே வாரத்தில் அழித்துவிடும் என்றால், புதுசுகளுக்கு மட்டும் பாடத்தை மாற்றி என்ன பயன்? முதலில் ரைட்டரையும் இன்ஸ்பெக்டரையும் பெஞ்சில் உட்காரவைக்க வேண்டும். வாச்சாத்தி பழங்குடி கிராமத்தில் போலீஸும் வனத்துறையும் செய்த அத்துமீறலை ஒரு நாள் முழுக்கப் பாடமாக நடத்தலாம். 1992-ல் நடந்ததற்கு 2011-ல் தண்டனை, 2023-ல்தான் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அப்புறம், இந்த நீலகிரி ஜில்லாவுக்கு வருகிற போலீஸ்காரர்களை ஒரு வாரமாவது பழங்குடி ஊர்களுக்கு அனுப்பலாம். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் என்று பரீட்சையில் எழுதத் தெரிகிறது. நேரில் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

நீ ரெக்ரூட் ஸ்கூலில் வகுப்பு எடுத்தவன். சர்வீஸில் இருந்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டு ரெஃப்ரெஷர் வைப்பீர்களே, ஒருத்தனாவது மனசோடு வந்தானா? மறைக்காமல் எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பேட்ச்காரன்