ஆயா உட்கார்ந்த பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

ஜெர்மனியின் விட்டன்பெர்க்கிலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூதர் பிரசங்கம் செய்த கோயிலின் வெளிச்சுவரில், உயரத்தில், ஒரு பெண்பன்றி. அதன் மடியில் பால் குடிக்கிற யூதர்கள். அந்தச் சிற்பம் 13-ஆம் நூற்றாண்டிலேயே வைத்தது, அவர் வைத்ததல்ல என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் 1543-இல் அதையே எடுத்துக்காட்டி அவர் கேலி எழுதியிருக்கிறார். அதே வருஷம் இன்னொரு புத்தகத்தில், யூதர்களின் ஜெபாலயங்களைக் கொளுத்துங்கள், வீடுகளை இடியுங்கள், ஜெபப் புத்தகங்களைப் பிடுங்குங்கள் என்று ஆளுகிறவர்களுக்கு யோசனையும் சொன்னார்.

"இனிமே அவர் எழுதின பாட்டைக் கோயில்ல எப்படிப்பா பாடுறது?" என்று போனில் கேட்டாய். "அவர் போதனையை வச்சுக்கோ, அரசியலை விட்டுடு" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கு வந்த பதில் அது. நாலு நாளாக எனக்கே உறுத்துகிறது.

ஏனென்றால், இது இந்தப் பக்கம் அது அந்தப் பக்கம் என்று பிரிக்கிற வேலையே லூதர் சொல்லிக்கொடுத்ததுதான். ஆத்துமாவைச் சுவிசேஷம் ஆளும், உடம்பையும் சொத்தையும் அரசனின் பட்டயம், அதாவது வாள், ஆளும், இரண்டையும் குழப்பாதே என்றார். 1525 மார்ச்சில் தெற்கு ஜெர்மனியின் மெம்மிங்கன் நகரில் குடியானவர்கள் 12 கோரிக்கைகளை எழுதினார்கள். மூன்றாவதைப் படித்துப் பார். கிறிஸ்து ஆடு மேய்ப்பவனையும் பெரிய பிரபுவையும் ஒரே இரத்தத்தால் மீட்டார், அப்படியிருக்க நாங்கள் எப்படி ஒருவனுக்கு அடிமை என்று கேட்கிறார்கள். லூதர் எழுதியதை அவர்கள் நிஜமாகவே நம்பிவிட்டார்கள், பாவம்.

அவர் முதலில் பிரபுக்களைத்தான் திட்டினார், இதற்கெல்லாம் நீங்கள்தான் காரணம் என்று. ஆனால் குடியானவர்களிடம், கிறிஸ்தவ விடுதலையை மாம்சத்தின் விடுதலையாக்காதீர்கள் என்றார். கலகம் பரவியதும், அவர்களை வெட்டுங்கள், குத்துங்கள் என்றே எழுதிவிட்டார். மே 15-ஆம் தேதி பிராங்கன்ஹவுசனில் குடியானவர் படை நொறுங்கியது. அந்தக் கலகம் முழுவதிலும் செத்தவர்கள் 70,000 முதல் 1,00,000 வரை இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். ஜூன் மாதம் லூதருக்குக் கல்யாணம்.

லூதரின் போதனைக்காக வோர்ம்ஸ் நகரில் நடந்த விசாரணைக்கப்புறம் அவர் உயிரைக் காத்து வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்துவைத்தவர் ஒரு பிரபு, அந்தச் செஞ்சோற்றுக்கடன்தான் இது என்று சொல்வார்கள். எனக்கு அது முழுசாகச் சரியாகப் படவில்லை. இரண்டு ஆட்சிகளைப் பற்றி 1523-லேயே, கலகத்துக்கு முன்னாலேயே எழுதிவிட்டார். அவர் அதை நம்பினார்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் கேட்டிருக்கிறேன். என் ஆயா சின்னப் பெண்ணாக இருந்தபோது, அவர்கள் போன கோயிலில் நம்மவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். கிறிஸ்துவின் இரத்தமென்று திராட்சரசம் குடிக்கிற இராப்போஜனப் பாத்திரம் நம் பக்கம் கடைசியாகத்தான் வரும். அவள் அப்பா ஒருநாள் கேட்டதற்கு, "சாதி உலகக் காரியம், விசுவாசத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்று பதில் வந்ததாம். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. நீ இப்போது படிக்கிற லைப்சிக் ஊரின் மிஷனை நடத்திய கார்ல் கிரவுல், 1849 முதல் 1853 வரை செய்த பயணத்தில் இந்தியாவில் இருந்து பார்த்துவிட்டு, சாதி சமூக விஷயம், அதைச் சபை கட்டாயப்படுத்தி ஒழிக்கக் கூடாது என்று வாதாடினார். ஆங்கிலிக்கன் மிஷனரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. நம் சபை அவர் பக்கம் நின்றது.

சரி, யூதர் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே மட்டும் அந்தப் பிரிவினை எங்கே போனது? விசுவாச விஷயத்தில் பட்டயத்துக்கு வேலையில்லை என்றவர், தேவதூஷணம் என்று சொல்லி அரசனையே தீ வைக்கக் கூப்பிடுகிறார். 1523-இல் இயேசு யூதராய்ப் பிறந்தவர், இவர்களை அன்பாக நடத்துங்கள் என்று எழுதியவரும் இவர்தான். அப்போது அவர்கள் மனம் மாறுவார்கள் என்று எதிர்பார்த்தார். மாறவில்லை. ஆக, அந்த வெறுப்பு அரசியலிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதல்ல, பிரசங்கபீடத்திலேயே முளைத்தது. 1984-இல் உலக லுத்தரன் சம்மேளனம் அந்த எழுத்துகளைக் கைகழுவியது. நல்லது, நானூறு வருஷம் தாமதமென்றாலும்.

அப்புறம் என்ன மிச்சம் என்று கேட்பாய். திடப்படுத்தல் வகுப்பில் நான் படித்தது, நாம் எதுவும் சம்பாதிக்கும் முன்பே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பது. அதை என்னால் விட முடியாது. ஆயாவும் விடவில்லை. பாத்திரம் கடைசியில் வந்தாலும், "எனக்கும் அவுங்களுக்கும் ஒரே ரத்தம்தானே உள்ள இருக்கு" என்பாள். மெம்மிங்கன் என்று ஒரு ஊர் இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் குடியானவர்கள் படித்தமாதிரிதான் அவளும் படித்தாள். எனக்கு லூதர் வேண்டுமென்றால் அவர்கள் கையிலிருந்துதான் வாங்கிக்கொள்வேன், அவர் கையிலிருந்து நேராக அல்ல.

பாட்டைப் பாடுவதும் விடுவதும் உன் இஷ்டம். நான் பாடுவேன்.

அக்டோபர் 31-ஆம் தேதி சீர்திருத்தப் பண்டிகைக்கு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசச் சொல்லியிருக்கிறார் நம் சபைப் போதகர் ஐயர். அந்த மூன்றாவது கோரிக்கையை ஜெர்மனிலிருந்து நேராகத் தமிழில் எழுதி அனுப்பு. என்னிடம் இருப்பது ஆங்கிலத்தில்தான். பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழாக இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா