கேப்பிடல் டிரிப் ஏற்பாடு பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்டின்ல நம்ம தமிழ்ப் பள்ளி பசங்கள வருஷா வருஷம் கேப்பிடலுக்கு, அதான் டெக்சாஸ் சட்டசபைக் கட்டடத்துக்கு, கூட்டிட்டுப் போற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். போன டிரிப்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், குரூப்ல ரெண்டு நாள் பேச்சும் ஓடுச்சு, அப்புறம் எல்லாரும் ஒரு கும்பிடு ஸ்டிக்கர் போட்டு முடிச்சிட்டீங்க. எனக்கு அது முடியல, அதான் எழுதுறேன்.

மொதல்ல கேக்க வேண்டியத கேட்டுடுறேன். பசங்கள கட்டடத்துக்கு உள்ள கூட்டிட்டுப் போங்க, முழுசா ரெண்டு மணி நேரம் குடுங்க. அவ்ளோதான்.

அன்னிக்கு கேப்பிடலுக்கு ஒதுக்குனது 40 நிமிஷம். அதுல 25 நிமிஷம் தெற்குப் பக்கத்து படிக்கட்டுல வேட்டி பாவாடையோட வெயில்ல நிக்க வச்சு குரூப் போட்டோ, அப்புறம் வாசல்லயே ஒரு குவிஸ், அப்புறம் பஸ்ஸு. மத்தியான சாப்பாட்டுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். உள்ள இலவசமாவே கைடு சுத்திக் காட்டுறாங்க, ஒரு புள்ள கூட கதவத் தாண்டி உள்ள போகல.

எங்கப்பா இப்ப எங்கூடத்தான் இருக்காரு, 71 வயசு. திரிசூலம் மலையில கல்லு ஒடச்சவரு, அதுக்கப்புறம் கை நடுக்கம் வர்ற வரைக்கும் பல்லாவரத்துல கொத்து வேலை, அம்மிக்கல்லுலேருந்து கோயில் படி வரைக்கும். எல்லாரும் போட்டோவுக்கு நிக்கும்போது அவரு மெதுவா செவுத்துப் பக்கம் போயி அந்த செவப்புக் கல்லு மேல உள்ளங்கைய வச்சாரு. ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. அப்புறம் ஒரு கல்லோட ஓரத்த வெரலால தடவிப் பாத்துட்டு, "நம்மூரு கருங்கல்லு மாதிரியே கெட்டிம்மா இது, இந்த ஓரத்த நேரா எடுக்கவே ஒருத்தன் நாள் கணக்கா குந்தியிருப்பான், யாரும்மா இத கொத்துனது?"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் தெரியல. பன்னெண்டு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், தெரியல. அதுக்குள்ள மைக்குல அத்தன பசங்களுக்கு முன்னாடி, "தாத்தா, செவுத்த தொட்டது போதும், உங்களால பஸ்ஸு லேட்டாவுது"ன்னு ஒரு குரல். அவரு சட்டுனு கைய எடுத்துட்டாரு, ஏதோ தப்பு பண்ணி மாட்டிக்கிட்ட மாதிரி. வீடு வர்ற வரைக்கும் பேசல. யாரு சொன்னாங்கன்னு நான் இங்க எழுதப் போறதில்ல, அவங்களும் களைச்சுப் போயி இருந்திருப்பாங்க. ஆனா அந்தக் கைய எடுத்த விதம் எனக்கு கண்ணுலயே நிக்குது.

அன்னிக்கு ராத்திரி ஒக்காந்து படிச்சேன். பழைய கேப்பிடல் 1881 நவம்பர்ல எரிஞ்சு போச்சு. புதுசு கட்ட அரசாங்கத்துக்கிட்ட காசு இல்ல, நெலம்தான் இருந்துச்சு, அதனால டெக்சாஸோட வடகோடியில பான்ஹேண்டில்னு சொல்ற பகுதியில 30 லட்சம் ஏக்கர கட்டடக் கூலியா எழுதிக் குடுத்துட்டாங்க. எக்ஸ்ஐடி ராஞ்ச்னு பெரிய மாட்டுப் பண்ணையா ஆனது அந்த நெலம்தான், அதுக்கு பத்து வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் கோமான்ச்சி பழங்குடி மக்கள் காட்டெருமை வேட்டையாடின மண்ணு. வரைபடம் போட்டது இலைஜா மையர்ஸ், மிச்சிகனுக்கும் கொலராடோவுக்கும் கேப்பிடல் வரைஞ்சவரு அவருதான். மொதல்ல ஆஸ்டின் பக்கத்துலயே கெடைக்கிற சுண்ணாம்புக் கல்லுலதான் கட்டுறதா இருந்துச்சு, அதுல இரும்புச் சத்து கலந்திருந்ததால வெயில் மழை பட்டா கறை விழும்னு தெரிஞ்சு வெளிச் செவுத்துக்கு அத விட்டுட்டாங்க. அப்புறம்தான் மார்பிள் ஃபால்ஸ் பக்கத்துல இருக்குற கிரானைட் மலைய வச்சிருந்தவங்க கல்ல சும்மாவே குடுக்குறோம்னு சொல்லி, அத எறக்கறதுக்குன்னே பர்னெட்லேருந்து தனியா ரயில் பாதை போட்டாங்க.

சும்மா குடுத்த கல்ல ஒடச்சது யாருன்னா, ஜெயில் கைதிங்க. நூத்துக்கணக்குல. காண்ட்ராக்ட்காரங்களுக்கு அரசாங்கமே ஆள அனுப்பி வச்சுது, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 65 சென்ட், அந்தக் காசும் கைதிக்கு இல்ல, அரசாங்கத்துக்கு. கைதிங்கள வச்சு வேலை வாங்குறத எதுத்து கல் தச்சருங்க யூனியன் நாங்க வரமாட்டோம்னு பாய்காட் பண்ணிடுச்சு. ஒடனே ஸ்காட்லாந்துல அபர்டீன் பக்கத்துலேருந்து 62 கல் தச்சருங்கள கப்பல்ல கொண்டு வந்தாங்க, அப்படி வெளிநாட்டு ஆளுங்கள ஒப்பந்தம் போட்டு கொண்டு வர்றது அப்போ சட்டப்படி குத்தம், காண்ட்ராக்டருக்கு அபராதமும் போட்டாங்க.

இத அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "கல்லு வேலைக்கு அவ்ளோ தூரம் வந்தவன் ஊருக்குத் திரும்பிப் போனானா?"ன்னு கேட்டாரு.

உங்க குவிஸ்ல, கேப்பிடலக் கட்டினது யாருன்னு ஒரு கேள்வி. மையர்ஸ்னு சொன்ன புள்ளைக்கு பரிசு குடுத்தீங்க. தாஜ்மகாலைக் கட்டினது யாருன்னா கொத்தனாருன்னு சின்ன வயசுல ஜோக் சொல்லுவாங்க, எங்க வீட்ல அதுக்கு யாரும் சிரிச்சதில்ல. 302 அடி உயரம், வாஷிங்டன்ல இருக்குற கேப்பிடல விட உயரம்னு நோட்டீஸ்ல பெருசா போட்டிருந்தீங்க, சந்தோஷம், அது உண்மைதான், ஆனா அந்த உயரத்துக்குக் கீழ கைய வச்சுப் பாத்த ஒருத்தர விரட்டிட்டு உயரத்த மட்டும் பசங்களுக்குச் சொல்லி என்ன ஆகப் போகுது? எங்க போனாலும் இப்ப இப்படித்தான் ஆயிடுச்சு. தஞ்சாவூருக்கு பசங்கள கூட்டிட்டுப் போனாலும் கோபுரத்துக்கு முதுக காட்டி நின்னு போட்டோ எடுத்துட்டு, காபி குடிச்சுட்டு வந்துடுறோம். அப்புறம் பசங்களுக்கு எதுலயும் இன்ட்ரஸ்ட் இல்லைன்னு நாமளே கொறை சொல்றோம்.

1983ல உள்ள தீ புடிச்சு ஒருத்தர் செத்துப் போனாரு, அதுக்கப்புறம் பழுது பாத்து, எடம் பத்தலன்னு கூடுதல் ஆபீஸ் கட்ட வேண்டி வந்தப்போ, பழைய கட்டடத்த எதுவும் மறைக்கக் கூடாதுன்னு அவ்ளோ பெரிய கட்டடத்த மண்ணுக்கு அடியில கட்டி 1993ல தொறந்தாங்க. பக்கத்துல எதுவும் எழும்பி அத மறைக்காம இருக்க அவங்க இவ்ளோ பாடு பட்டிருக்காங்க. நம்மளால ரெண்டு மணி நேரம் குடுக்க முடியாதா?

கோவத்துல கொஞ்சம் அதிகமா எழுதிட்டேன்னா மன்னிச்சுக்கோங்க. சனிக்கிழமை தூக்கத்த விட்டு சம்பளம் இல்லாம இத்தன வருஷமா இத நடத்துறீங்க, அது எனக்குத் தெரியும். அதனாலதான் உங்ககிட்டயே கேக்குறேன். பசங்கள உள்ள கூட்டிட்டுப் போங்க. குவிமாடத்துக்கு நேர் கீழ இருக்குற ரோட்டண்டா கூடத்து நடுவுல நின்னு அண்ணாந்து பாக்கட்டும், உச்சியில கையளவு தெரியுற அந்த நட்சத்திரம் நெசத்துல எட்டு அடின்னு சொல்லுங்க. குவிமாடத்துக்கு வெளிய உச்சியில நின்ன பழைய சுதந்திர தேவி சிலை துத்தநாகத்துல செஞ்சது, 1985ல அத எறக்கிட்டு 1986ல அதே மாதிரி அலுமினியத்துல ஒண்ணு வச்சாங்க, பழசு இப்ப பக்கத்து மியூசியத்துல இருக்கு. கிட்டப் போயி பாத்தா மூஞ்சி கரடுமுரடா இருக்கும், 300 அடி கீழ நிக்கிறவங்களுக்குத் தெரியணும்னு அப்படிச் செஞ்சிருக்காங்க, பசங்க அந்த மூஞ்சியப் பாத்தா மறக்க மாட்டாங்க. அப்புறம் வெளிய வந்து ஒவ்வொரு புள்ளையும் அந்தக் கல்லுல ஒரு நிமிஷம் கைய வைக்கட்டும், யாரு ஒடச்சாங்க யாரு செதுக்குனாங்கன்னு ஒரு அஞ்சு நிமிஷம் சொல்லுங்க. நீங்க சம்மதிச்சா அப்பாவே சொல்லுவாரு, உளிய எப்படிப் புடிக்கணும்னு கூட காட்டுவாரு, கேட்டுட்டேன், சரின்னுட்டாரு.

அவருக்கு ஆகஸ்ட் 20ம் தேதி டிக்கெட். அடுத்த டிரிப் ஜூலைல. ஞாயித்துக்கெழம மீட்டிங்ல தயவுசெஞ்சு இத எடுத்துப் பேசுங்க. நேரம் இல்லைன்னு சொன்னீங்கன்னா சாப்பாட்ட எங்கிட்ட விட்டுடுங்க, நாப்பது பேருக்கு புளியோதரையும் தயிர் சாதமும் நானே கட்டிட்டு வந்துடுறேன், அந்த ஒன்றரை மணி நேரத்துல முக்காவாசி மிச்சமாவும், மரத்தடியில இருபது நிமிஷத்துல சாப்பிட்டு முடிச்சிடலாம்.

நன்றியுடன்,
மூணாம் நிலை வகுப்புல படிக்கிற ஒரு புள்ளையோட அம்மா