கோட்டுப் பையைப் பார்த்த அண்ணாச்சிக்கு

விழா மலர் அச்சுக்குப் போய்விட்டது. பழைய விமானம் ஒன்றோடு தாத்தா நிற்கும் படம் போயிருக்கிறது, அதற்குக் கீழே சரியான வரியும் போயிருக்கிறது. அது என்ன விமானம் என்று கண்டுபிடிக்க இந்த மூன்று வாரம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். பாதிப் பேரை ராத்திரி பதினொரு மணிக்குப் போன் போட்டு எழுப்பியவனே நான்தான். கதை வேண்டாம், நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பாளையங்கோட்டைத் தையல்கார அண்ணாச்சிக்கு. விழாவுக்கான பேண்ட்டில் நீளம் குறைக்கக் கொடுக்கப் போனவன், பழக்கதோஷத்தில் போனில் இருந்த படத்தை அவரிடமும் நீட்டினேன். எல்லாரும் இறக்கையைப் பார்த்தார்கள், சக்கரத்தைப் பார்த்தார்கள். அவர் தாத்தா போட்டிருந்த கோட்டைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, மேல் பாக்கெட்டை வலது பக்கம் வச்சிருக்கான்?" என்றார். பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். "காஜாவும் மாறிக் கிடக்கு. ஆம்பளைக் கோட்டை எந்த டெய்லரும் இப்படித் தைக்க மாட்டான். படத்தைத்தான் திருப்பிப் போட்டிருக்காவ."

பிலிமைக் கவிழ்த்துப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள்! விமானத்தின் பக்கவாட்டில், தாத்தாவின் தோள் மறைத்தது போக மிஞ்சிய எழுத்துகளை நாங்கள் ஏ, டி, வி (A, T, V) என்று படித்தோம். இடையில் இருந்த சின்னக் கிடைக்கோட்டைக் கீறல் என்று தள்ளிவிட்டோம். திருப்பினால் வி, டி, ஒரு கோடு, ஏ. இந்தியாவில் பதிவான விமானம் என்றால் அதன் பதிவெழுத்து விடி (VT) என்றுதான் தொடங்கும். இந்த மூன்று ஆங்கில எழுத்துகளும் கண்ணாடியில் காட்டினாலும் உருமாறாதவை. நாலாவதாக ஓர் எழுத்து தெரிந்திருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. விமானம் பஸ் மாத்தா (Puss Moth), லெப்பர்ட் மாத்தா (Leopard Moth) என்பதுதான் பாக்கி. இரண்டும் டி ஹாவிலண்ட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி செய்தவை, அக்கா தங்கை ஜாடை. தங்கை லெப்பர்ட் மாத்துக்கு இறக்கை நுனியை நோக்கிக் குறுகும். அக்கா பஸ் மாத்துக்கு ஒரே அகலம். நம் படத்தில் இருப்பது அக்கா. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது பஸ் மாத்தில்தான். பம்பாயிலிருந்து பல்லாரி வழியாக மெட்ராசுக்கு அந்தத் தபாலைக் கொண்டுபோனவர் டாடாவின் கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட்.

பல்லாரித் தபாலாபீசில் இருந்தபோது ஏரோப்ளேனில் மூட்டை ஏற்றியதாகத் தாத்தா சொல்லும்போதெல்லாம் நாங்கள் சிரிப்போம். படத்தின் பின்னால் 'பல்லாரி' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தும் நம்பவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. இனி வீட்டுப் பெரியவர்கள் எதைச் சொன்னாலும் முதலில் எழுதி வைப்பேன், சிரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இறக்கையை அளந்து சொன்ன பெங்களூர் ஓய்வுபெற்ற விமானப்படை மெக்கானிக், பழைய விமானத் தபால் உறைகளைப் படமெடுத்து அனுப்பிய சென்னை அஞ்சல்தலைக்காரர், பல்லாரிக்கு நேரில் போய்வந்த நண்பர், கடைசிப் பக்கத்தை நிறுத்தி வைத்துக் காத்திருந்த அச்சகத்துப் பையன்கள், சண்டை போட்ட, போடாத சித்தப்பாமார் எல்லாருக்கும் நன்றி.

விமானப் பதிவின் மிச்ச இரண்டு எழுத்துகள் தாத்தாவின் தோளுக்குப் பின்னால் இருக்கின்றன. இருக்கட்டும்.

அண்ணாச்சி, பேண்ட்டை இன்னும் வாங்கவில்லை. அன்றைக்குக் காசும் வாங்க மாட்டேன் என்றுவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை மலரோடு வருகிறேன்.