சாரம் கட்டுவதற்கு முன்: திருப்பணிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கோயில் திருப்பணிக் குழுக்களில் பொறுப்பேற்றிருக்கும் பெரியோர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் முன்மண்டபத்தில், குழந்தையை இடுப்பில் ஏந்திய ஒரு பெண்ணின் சிற்பம் தூணில் இருந்தது. சென்ற திருப்பணியில் தூணைச் சுத்தம் செய்ய மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். தூண் பளிச்சென்று ஆகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு முகம் இல்லை. பழைய படம் ஏதாவது கிடைக்குமா என்று வீடு வீடாகக் கேட்டேன். திருமணப் படங்களில் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் தூணின் ஒரு விளிம்பு தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்த வேதனையில்தான் லின்னேயஸ் டிரைப்பின் படங்களை மறுபடி பார்த்தேன். ஆங்கிலேயப் படை அதிகாரியான இவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1857 டிசம்பரில் புறப்பட்டு, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிவந்தவர். பெரும்பாலும் மெழுகேற்றிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். நெகட்டிவ் எத்தனை பெரிதோ படமும் அத்தனை பெரிதுதான் என்பதால், பெரிய கேமராவைச் சுமந்தே அலைய வேண்டியிருந்தது. ஒரு படம் பதிய நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நடமாடும் மனிதர்கள் அதில் புகைபோலக் கரைந்துவிடுவார்கள். அசையாத கல் மட்டும் உளித்தடத்தோடு நிற்கும்.

மதுரையில் புதுமண்டபம், தெப்பக்குளம், யானைமலை எல்லாவற்றையும் எடுத்தார். திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்கள். இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மகால், 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் காலத்தில் பழுதுபார்க்கப்பட்டது. டிரைப் கண்டது அதற்கு முந்தைய சிதைவை. எது பழைய சுண்ணாம்புச் சுதை, எது பின்னாளில் பூசியது என்று ஆராய்பவருக்கு இதைவிட நல்ல சாட்சி ஏது?

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்ததுதான் என்னை மலைக்க வைக்கிறது. விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை வரிசையாக 21 படங்களாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீள ஒரே படமாக்கினார். அக்கல்வெட்டுகளின் பாடத்தைக் கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் அச்சில் வெளியிடத் தொடங்கியது 1890-களில்தான்.

அவர் படங்களிலும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியவை உண்டு. வெறிச்சென்று பதிந்த வானத்தில் மேகங்களை நெகட்டிவின் மேல் தீட்டிச் சேர்த்திருக்கிறார், மரக்கிளைகளிலும் கைவைத்திருக்கிறார். பிறகு ஆளுநராக வந்த டிரெவெல்யன், அரசின் நிதிநிலைக்குப் புகைப்படம் ஆடம்பரம் என்று இந்தப் பணியையே நிறுத்திவிட்டார்.

இன்று அந்தக் காரணம் எவருக்கும் இல்லை. உங்கள் கோயில் டிரைப் சென்றவற்றில் ஒன்றானால், லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அவர் படங்களைத் தேடுங்கள். அவர் நின்ற இடத்திலேயே நின்று மறுபடி எடுங்கள். மற்றக் கோயில்களில் தூணின் நான்கு முகங்களையும், ஒவ்வொரு கல்வெட்டையும், சுதைச் சிற்பங்களையும் சாய்ந்த வெளிச்சத்தில், அளவுகோலை அருகில் வைத்து எடுங்கள். நாளையும் இடத்தையும் எழுதி ஒரு பிரதியைக் கோயில் அலுவலகத்திலும் இன்னொன்றை மாவட்ட அருங்காட்சியகத்திலும் வையுங்கள். ஸ்தபதியும் வர்ணம் பூசுபவரும் வேலை முடியும்வரை அவற்றைக் கையில் வைத்திருக்கட்டும்.

திருப்பணிக்கு முன் செய்யும் பாலாலயத்துக்கு நாள் பார்க்கும்போதே படமெடுக்கவும் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். கேமரா பிடிக்க ஆள் கிடைக்காவிட்டால் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன்.

அன்புடன்,
ஒரு கோயில் ஊர்க்காரன்