மாற்றுச் சேர்க்கைக்கு வரும் வெளிநாட்டு மாணவர்கள் குறித்து அமெரிக்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேர்க்கை இயக்குநர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்ட கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். இளங்கலைப் படிப்பின் முதலாண்டை இங்கே முடித்துவிட்டு, மீதியை உங்கள் நிறுவனங்களில் தொடர விரும்பி (இதுவே மாற்றுச் சேர்க்கை, அதாவது டிரான்ஸ்ஃபர்) விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவதும், அவர்கள் கொண்டுவரும் படிவங்களில் கையெழுத்திடுவதும் சில ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கின்றன. இம்மடலின் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியே வரும். தமிழில் வெளியிடுவதற்குக் காரணம், இந்த விண்ணப்பங்களுக்குப் பணம் கட்டுகிற பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான்.

இடங்களைக் கூட்டுங்கள் என்று கேட்க நான் எழுதவில்லை. இடம் எவ்வளவு குறைவு என்பது எங்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்று விண்ணப்பங்கள் வருவதாகவும், 20 முதல் 30 பேருக்கே இடம் இருப்பதாகவும் யேல் தானே சொல்கிறது. 1990இல் நிறுத்திய மாற்றுச் சேர்க்கையைப் பிரின்ஸ்டன் 2018இல் மீண்டும் திறந்தபோது 1,429 பேர் விண்ணப்பித்தனர்; 13 பேருக்கு அழைப்புக் கிடைத்தது. ஹார்வர்டு 2008இல் விடுதியில் இடமில்லை என்று சொல்லி, அவ்வாண்டின் விண்ணப்பங்கள் வந்து சேர்ந்த பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு மாற்றுச் சேர்க்கையையே மூடியது. கதவு குறுகலாக இருப்பது உங்கள் உரிமை. அந்தக் கதவில் எழுதப்பட்டிருக்கும் விதி முழுமையாக, விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே படிக்கும்படியாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் கோரிக்கை.

பணத்திலிருந்து தொடங்குகிறேன். குடும்பத்தின் நிதி நிலையைப் பார்க்காமல் சேர்த்துக்கொள்கிறோம், தேவைப்படும் உதவி முழுவதையும் தருகிறோம் என்ற அறிவிப்பு இங்குள்ள வீடுகளில் எவ்வளவு பெரிய நம்பிக்கையை உண்டாக்குகிறது என்பதை நீங்கள் நேரில் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆம்ஹர்ஸ்ட் இக்கொள்கையை வெளிநாட்டு மாணவர்களுக்கும் விரித்து ஆண்டுகள் பல ஆகின்றன. டார்ட்மத் 2022இல் விரித்தது. பிரவுன் 2025இல் சேரும் முதலாண்டு அணியிலிருந்து விரித்தது. இவை பெருமைக்குரிய முடிவுகளே. ஆனால் இத்தகைய அறிவிப்புகளில் பல முதலாண்டுச் சேர்க்கையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மாற்று விண்ணப்பதாரர், அதிலும் வெளிநாட்டவர், இதில் அடங்குவாரா என்ற கேள்விக்கு விடை தேட வேறொரு பக்கத்துக்கும், அதிலிருந்து இன்னொரு கேள்வி பதில் பகுதிக்கும் போக வேண்டியிருக்கிறது. யேலும் ஹார்வர்டும் தங்கள் கொள்கை மாற்று மாணவருக்கும் பொருந்தும் என்று தெளிவாகவே சொல்கின்றன. வெளிநாட்டவரின் நிதித் தேவையைக் கணக்கில் எடுப்பதாக ஸ்டான்ஃபோர்டு சொல்லிவிடுகிறது; விண்ணப்பிக்கும்போதே உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் படிப்புக் காலம் முழுவதும் அதைக் கேட்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கடுமையான விதிதான். இருந்தாலும் வெளிப்படையான விதி என்பதால் அதை நான் மதிக்கிறேன். இவ்வளவு நேராகச் சொல்ல இவர்களால் முடிகிறதென்றால் மற்றவர்களாலும் முடியும்.

சொல்லாமல் விடுவதன் விலை என்ன என்று கேட்பீர்கள். மளிகைக் கடை நடத்தும் ஒருவர் தம் மகளுக்காக, நிதி உதவி கேட்பதற்கான சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவத்தை நிரப்பியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கீழே கடை, மேலே வீடு. இரண்டும் ஒரே கட்டடம், ஒரே பட்டா. வீட்டின் மதிப்பையும் தொழிலின் மதிப்பையும் படிவம் தனித்தனியாகக் கேட்டது. கடையில் உள்ள சரக்கைச் சொத்தாகக் காட்டுவதா, மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கடனாகக் காட்டுவதா என்று கணக்குப்பிள்ளையை வரவழைத்து இரவு வெகுநேரம் பேசினார்கள். அத்தனையும் முடித்து அனுப்பிய பிறகு, வெளிநாட்டு மாற்று மாணவர்களுக்கு எங்களிடம் நிதி உதவி கிடையாது என்று ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு வரிப் பதில் வந்தது. அந்த இரண்டு வரிகளை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் அச்சிடுவதில் என்ன சிரமம் இருந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்தது நான் கையெழுத்திடும் படிவம். பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் வழியாக வரும் மாற்று விண்ணப்பங்களில் உங்களில் பலர் மிட்டெர்ம் ரிப்போர்ட் கேட்கிறீர்கள். மாணவர் தற்போது படிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் ஆசிரியர் இதுவரையிலான கிரேடைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். வாரந்தோறும் வீட்டுப்பாடத்துக்கும் இடைத்தேர்வுக்கும் மதிப்பெண் சேர்ந்துகொண்டே வரும் அமெரிக்கக் கல்லூரிக்கு இது இயல்பான கேள்வி. எங்கள் முறை வேறு. இங்குள்ள பல இணைப்புக் கல்லூரிகளில் ஒரு பாடத்தின் நூறு மதிப்பெண்ணில் 25 மட்டுமே அகமதிப்பீடு. மீதி 75 பருவ இறுதித் தேர்வுக்கு உரியது. அத்தேர்வின் வினாத்தாளைத் தயாரிப்பதும் விடைத்தாளைத் திருத்துவதும் பல்கலைக்கழகத்தின் வேலை. பாடம் நடத்திய ஆசிரியருக்கு அதில் பங்கில்லை. உங்களில் பலருடைய கடைசி நாள் மார்ச் 1. அந்த நாளில் என் கையில் இருப்பது ஓர் அகத்தேர்வின் மதிப்பெண் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு ஏ என்று எழுதினால் அது பொய். எழுதாமல் விட்டால் மாணவியின் படிவம் வெறுமையாகத் தெரியும். "கிரேடு இன்னும் இல்லை" என்று எழுதி, ஏன் இல்லை என்பதை ஒரு தனித்தாளில் விளக்கி இணைக்கிறேன். அந்தத் தாளை யாராவது படிக்கிறார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். பெரும்பாலும் இறுதித் தேர்வை வைத்தே மதிப்பிடும் முறையிலிருந்து வருபவர் இப்படிவத்தில் எதை நிரப்ப வேண்டும் என்று ஒரு குறிப்பைச் சேர்த்தால், இங்கு மட்டுமின்றி இதே முறையைப் பின்பற்றும் பிற நாடுகளின் ஆசிரியர்களுக்கும் பேருதவியாக இருக்கும். போகிற போக்கில் இன்னொன்று: எங்களிடம் 60 விழுக்காடு முதல் வகுப்பு. இயற்பியலில் 72 வாங்கியவரை உங்கள் அளவுகோலில் சி என்று படித்துவிட வேண்டாம்.

படித்து முடித்த பாடங்களுக்குக் கணக்கிடப்படும் கிரெடிட் விஷயத்தில் என் குறை இன்னும் பெரியது. யேலிலும் ஹார்வர்டிலும் மாற்று மாணவர் குறைந்தது இரண்டு ஆண்டுகள் அங்கேயே படித்தாக வேண்டும். ஆக, இங்கிருந்து எவ்வளவு கொண்டுபோனாலும் ஏற்கப்படுவதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அது நியாயம். ஆனால் அந்த வரம்புக்குள் எந்தப் பாடம் ஏற்கப்படும், எது தள்ளுபடியாகும் என்பது பல இடங்களில் சேர்க்கை உறுதியான பிறகே தெரியவருகிறது. இங்கே படித்த ஓராண்டு முழுதும் ஏற்கப்பட்டால் அங்கே மூன்றாண்டுச் செலவு. பாதி தள்ளுபடியானால் மூன்றரை. ஒரு பருவத்தின் கட்டணம் என்பது எங்கள் ஊரில் ஒரு வீட்டின் விலை. இதைத் தெரிந்துகொள்ளாமலேயே, வந்துவிடுகிறேன் என்று முன்பணம் கட்டச் சொல்வது சரியா?

முன்கூட்டியே சொல்ல இயலாது என்ற பதிலை நான் ஏற்பதற்கில்லை. கலிஃபோர்னியாவில் அது நெடுங்காலமாக நடந்து வருகிறது. அங்குள்ள ஈராண்டுச் சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எந்த வளாகத்தில் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதை அசிஸ்ட் என்ற பொது இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டேவிஸ், எர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், குறித்த பாடங்களையும் கிரேடையும் எட்டிய சமுதாயக் கல்லூரி மாணவருக்குச் சேர்க்கையை உறுதிசெய்து எழுத்தில் தருகின்றன. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அங்கு படிக்கும் வெளிநாட்டவரும் இதைப் பெறலாம். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலிஸும் இந்த உறுதியைத் தருவதில்லை என்றாலும், பாட ஈட்டுப் பட்டியலில் அவையும் இருக்கின்றன. உலகத்துக் கல்லூரிகள் அனைத்துக்கும் இப்படிப் பட்டியல் போட உங்களால் முடியாது என்பதை அறிவேன். இதுவரை நீங்கள் ஏற்ற பாடங்களின் பட்டியலை நாடு வாரியாக வெளியிட முடியும் அல்லவா? அந்தத் தகவல் உங்கள் அலுவலகக் கோப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலாண்டு மாணவருக்கு மார்ச் இறுதியில் முடிவு தெரிகிறது. மாற்று மாணவருக்கு மே மாதத்திலோ ஜூனிலோதான். ஏற்கெனவே அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிப்பவருக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை: வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசின் செவிஸ் தளத்தில் உள்ள அவருடைய பதிவைப் பழைய கல்லூரி புதிய கல்லூரிக்கு விடுவிக்க, கல்லூரி தரும் தகுதிச் சான்றான ஐ-20 புதிதாகக் கையில் வந்துவிடும். இங்கிருந்து போகிறவர் ஐ-20 பெற்று, 350 டாலர் செவிஸ் கட்டணமும் 185 டாலர் விசா கட்டணமும் கட்டி, சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் பிடித்து, ஆகஸ்டில் வகுப்பில் உட்கார வேண்டும். 2025இல் மே 27 முதல் ஜூன் 18 வரை மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல் நாள்களை ஒதுக்குவதை அமெரிக்க அரசு நிறுத்தி வைத்திருந்தது. மார்ச்சில் முடிவு தெரிந்தவர்களில் பலர் அதற்கு முன்பே நாள் வாங்கியிருந்தார்கள். மாற்று மாணவர்களின் முடிவுகள் வெளிவந்ததே அந்த நாள்களை ஒட்டித்தான். அரசின் முடிவுக்கு உங்களைப் பொறுப்பாக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து நேராக வரும் மாற்று விண்ணப்பதாரரின் முடிவை மட்டுமாவது ஏப்ரலில் அறிவிப்பதும், விசா தாமதமானால் அடுத்த பருவத்துக்கு இடத்தை ஒத்திவைப்பீர்களா என்பதை அழைப்புக் கடிதத்திலேயே சொல்வதும் உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கின்றன.

எங்கள் பக்கமும் சுத்தமில்லை. டிரான்ஸ்கிரிப்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும் தேர்வுத் துறைகளும், இடையில் விலகும் மாணவரிடம் மீதி ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்டு மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைக்கும் நிர்வாகங்களும் இங்கே உண்டு. அவர்களுக்கு எழுத வேண்டிய மடல் வேறு.

கடைசியாக, எண்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். நீங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட் அறிக்கையின் டி பிரிவில், மாற்றுச் சேர்க்கைக்கு விண்ணப்பித்தவர், அழைக்கப்பட்டவர், சேர்ந்தவர் எண்ணிக்கை இருக்கிறது. அதில் வெளிநாட்டவர் எத்தனை பேர் என்பது தனியாகத் தெரிவதில்லை. அந்த எண்ணையும், அவர்களில் நிதி உதவி கேட்டவர் எத்தனை பேர், பெற்றவர் எத்தனை பேர் என்பதையும் உங்கள் மாற்றுச் சேர்க்கைப் பக்கத்தில் வெளியிடுங்கள். விடை பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே போடுங்கள். மாணவர்களுக்கு என்ன அறிவுரை சொல்வது என்று எனக்குத் தெரிந்துவிடும். காமன் ஆப் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது. வரும் ஆகஸ்டுக்குள் முதல் பக்கத்தில் நிதி விதியையும், மிட்டெர்ம் ரிப்போர்ட்டில் அந்தக் குறிப்பையும் சேர்த்துவிட்டால், மற்றவற்றுக்கு அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
தமிழ்நாடு