‘மூன்றாம் இடம்’ எந்தக் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐ.நா. காலநிலை மாநாடு நெருங்கும்போதெல்லாம் ‘கார்பன் உமிழ்வில் இந்தியாவுக்கு மூன்றாம் இடம்’ என்ற தலைப்பு நாளிதழ்களில் வந்துவிடுகிறது. செய்தி பொய்யில்லை. 2023இல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் வகையில் சீனா ஏறக்குறைய 1,190 கோடி டன் கரியமில வாயுவை வெளியிட்டது. அமெரிக்கா 490 கோடி டன். இந்தியா 300 கோடி டன்னுக்குச் சற்று மேல். ஆனால் இது ஓராண்டுக் கணக்கு மட்டுமே. அதையே தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் அமெரிக்கருக்குச் சுமார் 14 டன், சீனருக்கு 8 டன்னுக்கு மேல், இந்தியருக்கு 2 டன் சொச்சம். உலகச் சராசரியே 4.7 டன்தான். 1850 முதல் சேர்ந்ததைக் கூட்டினால் அமெரிக்காவின் பங்கு சுமார் 24 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியம் 17, சீனா 15. உலக மக்களில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் உள்ள இந்தியாவுக்கு 3 முதல் 4. காடழிப்பையும் சேர்த்தால் பிரேசிலும் இந்தோனேசியாவும் பட்டியலில் சட்டென்று மேலேறும்.

எந்தக் கணக்கு எதற்கு என்பதில்தான் குழப்பம். கரியமில வாயு காற்றில் நூற்றாண்டுக் கணக்கில் தங்குகிறது. இன்று உணரும் வெப்பம் இத்தனை காலமும் சேர்ந்த இருப்பால் வந்தது. ஆகவே யார் பணம் தர வேண்டும் என்பதற்குச் சேர்ந்த கணக்கைப் பார்க்க வேண்டும். இனி எங்கே எரிப்பதைக் குறைப்பது என்பதற்கு ஆண்டுக் கணக்கு. ‘அந்தக் காலத்தில் தெரியாமல் செய்தது’ என்ற வாதம் நிற்காது. சேர்ந்த உமிழ்வில் பாதிக்கு மேல் 1990க்குப் பிறகு வந்ததே. அப்படி 1990 முதல் எண்ணினாலும் அமெரிக்கா இரண்டாம் இடத்தில்தான் இருக்கும், முதலிடத்தில் சீனா. எனவே எந்தெந்த நாடுகள் நிதி தர வேண்டும் என்று ஐ.நா.வின் 1992 காலநிலை உடன்படிக்கை வகுத்த பட்டியலைக் காட்டி, ‘நாங்கள் வளரும் நாடு’ என்று சீனா நிதிப் பொறுப்பிலிருந்து ஒதுங்குவதும் ஏற்கத்தக்கதல்ல. வளர்ந்த நாடுகள் 2020க்குள் வளரும் நாடுகளுக்குக் காலநிலை நிதியாக ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாக 2009இல் சொன்னதை 2022இல்தான் எட்டின. அதிலும் பெரும்பகுதி கடன்.

கணக்கு போடும் இடத்திலேயே ஓட்டைகள் இருக்கின்றன. சென்னையில் எரிபொருள் நிரப்பி சிங்கப்பூர் போகும் விமானத்தின் புகை எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது. சர்வதேசக் கப்பல்களுக்கும் இதே விதி. நிலக்கரியில் பிழை இன்னும் எளிது. ஒரு டன் இந்திய நிலக்கரியில் 35, 40 சதவீதம் சாம்பல். கிலோவுக்கு 4,000 கிலோகலோரி என்றால் எரிந்து வருவது சுமார் 1.6 டன் வாயு. 6,000 கிலோகலோரி உள்ள இறக்குமதி நிலக்கரியில் அது 2.4 டன்னைத் தொடும். எடையை மட்டும் பார்த்து ஒரே காரணியால் பெருக்கினால் விடை பாதிக்குப் பாதி தப்பும். சில அறிக்கைகள் ‘டன் கார்பன்’ என்றும் சில ‘டன் கரியமில வாயு’ என்றும் எழுதும். முன்னதை 3.67ஆல் பெருக்கினால்தான் பின்னது வரும். தயவுசெய்து செய்தி மேசையில் இதைச் சரிபாருங்கள்.

இந்த விவாதம் தமிழகத்துக்கு வந்து சேரும் வழி ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் கட்டணம். இறக்குமதியாகும் பொருளைத் தயாரித்தபோது வெளியான கரியமில வாயுவுக்கு ஏற்ப விதிப்பது இது. 2023 அக்டோபரில் அறிக்கை கொடுக்கும் கட்டமாகத் தொடங்கியது, 2026 ஜனவரி 1 முதல் பணம் கட்டும் கட்டமாகிவிட்டது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றோடு போல்ட், நட், ஸ்குரூவும் இதில் அடக்கம். ஆண்டுக்கு 50 டன்னுக்கு மேல் இறக்குமதி செய்யும் நிறுவனம் கணக்குக் காட்டியாக வேண்டும். போல்ட் ஏற்றிய மூன்று கண்டெய்னர் போனால் வரம்பு தாண்டிவிடும். கட்டணம் கட்டுவது அங்குள்ள இறக்குமதியாளர் என்றாலும் அவர் அதை நம்மவர் விலையில்தான் கழிப்பார்.

போல்ட் பட்டறையில் உமிழ்வு எங்கிருந்து வருகிறது? ஹீட் ட்ரீட்மென்ட் உலையில் எரியும் எண்ணெய் அல்லது எரிவாயு சிறு பங்கு. வாங்கிய மின்சாரம் எஃகுப் பொருள்களுக்கு இப்போதைக்குக் கணக்கில் இல்லை. ஏறக்குறைய எல்லாமே ஒயர் ராடு, அதாவது போல்ட் செய்ய மில்லில் வாங்கும் எஃகுக் கம்பி, வழியாக உள்ளே வருகிறது. பழைய இரும்பை மின் உலையில் உருக்கிய எஃகுக்கு நேரடி உமிழ்வு டன்னுக்கு ஒரு டன்னுக்கும் வெகு கீழே. இரும்புத் தாதுவை உருக்காமல் நிலக்கரியால் இரும்பாக்கும் ஸ்பாஞ்ச் அயர்ன் வழியில் அதைப் போலப் பல மடங்கு. இந்தியச் சராசரி 2.5 டன். மில்காரர் தன் உலையின் சரிபார்க்கப்பட்ட எண்ணைத் தராவிட்டால், ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் பொதுமதிப்பு, அதற்கு மேல் கூடுதலும் சேர்த்துப் போடப்படும். சுத்தமான எஃகு வாங்கியவரும் காகிதம் இல்லாததால் அழுக்கு எஃகுக்கான கட்டணத்தைச் சுமப்பார். அங்குள்ள ஆலைகளுக்குத் தரும் இலவச உமிழ்வு அனுமதிக்கு ஈடாக இப்போது கிடைக்கும் கழிவும் ஆண்டுதோறும் சுருங்கி 2034இல் பூஜ்யமாகும்.

எங்கள் ஆட்சேபம் இங்கேதான். இந்தக் கட்டணத்தில் 1850 முதலான வரலாற்றுக்கு இடமே இல்லை. மூன்று சதவீதப் பங்குள்ள நாட்டின் பட்டறைக்கும் 15 சதவீதப் பங்குள்ள நாட்டின் ஆலைக்கும் டன்னுக்கு ஒரே விலை. வசூலும் ஐரோப்பிய கஜானாவுக்கே போகிறது. குறைந்தபட்சம் அந்தப் பணம் பொருள் வந்த நாட்டின் உலைகளை மாற்றத் திரும்ப வேண்டும் என்று இந்தியா பேச்சுவார்த்தையில் அழுத்த வேண்டும்.

இதற்காக உள்ளூர்ப் புகைக்கு மன்னிப்புக் கேட்பதாக யாரும் எண்ண வேண்டாம். அனல்மின் நிலையக் கந்தக டைஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் வரம்பு விதித்தார்கள். கெடு மீண்டும் மீண்டும் தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவியிலிருந்தே விலக்கு கிடைத்தது. எண்ணூர்க்காரர் மூச்சில் போகும் கந்தகத்துக்கு வாஷிங்டனின் பழைய கணக்கு எந்த வகையிலும் பதிலாகாது.

உமிழ்வுப் பட்டியல் வெளியிடும்போது ஓராண்டு, தலைக்கு, 1850 முதல் என்ற மூன்று கணக்குகளையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம். ஏற்றுமதிப் பட்டறை வைத்திருப்போர் அடுத்த ஒயர் ராடு ஆர்டரிலேயே மூன்று விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: எந்த உலை வழி, டன்னுக்கு எவ்வளவு உமிழ்வு, யார் சரிபார்த்தது. பொருள் கப்பலேறிய பிறகு கேட்டால் மில்காரரிடமிருந்து பதில் வருவது அபூர்வம். இந்தியாவிலேயே கட்டிய கார்பன் விலையைக் கழித்துக்கொள்ள ஐரோப்பிய விதி இடம் தருகிறது. உமிழ்வைக் குறைத்ததற்கான சான்றிதழ்களை ஆலைகள் வாங்கி விற்க 2023இல் அறிவித்த உள்நாட்டுக் கார்பன் சந்தையை மத்திய அரசு எஃகுத் துறையில் விரைந்து நடைமுறைப்படுத்தினால், அங்கே போகும் பணத்தில் ஒரு பங்காவது இங்கே நிற்கும்.

இப்படிக்கு,
எரிசக்தித் தணிக்கையாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்