சேகருக்கு: சீட்டை விட்டு இறங்குவது பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, பதில் போடச் சோம்பல், திட்டாதே. முதுகுவலி பரவாயில்லை. மகள் படிப்பை முடித்துவிட்டாள். மற்றபடி புதிதாக ஒன்றும் இல்லை, ஆனால் நீ எழுதிய ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது: "இனிமேல் நான் ஓட்டுகிறவன் இல்லை, ஓட்டுகிறவனுக்கு இன்ஜின் கட்டித் தருகிற கடைக்காரன்." அதில் என்னடா குறைச்சல்?

பீட்டர் சாபரை உனக்கு ஃபார்முலா 1 டீம் முதலாளியாகத்தான் தெரியும், சுருட்டும் கையுமாகத் திரிவாரே, அவர்தான். சுவிஸ்காரரான மனுஷன் ஆரம்பித்தது ஹில் கிளைம்பில், அதாவது மலைப்பாதையில் ஏறும் கார் பந்தயத்தில், அதுவும் ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில். 1955இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு மெர்சிடிஸ் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 80 பேருக்கு மேல் செத்தார்கள் இல்லையா, அதோடு சுவிட்சர்லாந்து சர்க்யூட் பந்தயத்தையே, அதாவது பல கார்கள் சேர்ந்து ஒரே பாதையைச் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயத்தையே, தடை செய்துவிட்டது. ஒருவர் போன பிறகு அடுத்தவர் என்று கடிகாரத்தோடு மட்டும் மோதும் மலைப்பாதைப் பந்தயத்துக்கு மட்டும் தடை இல்லை. ஆக, அந்தக் காலத்தில் சுவிஸ்காரனுக்கு வேகத்தில் ஆசை வந்தால் உள்ளூரில் மேட்டைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

இங்கே சுவிட்சர்லாந்துக்கு வந்த புதிதில், ஒரு ஆகஸ்டில், யூரா பக்கம் சான் உர்சான் – லெ ராஞ்சியே பந்தயத்தை வேலியோரம் நின்று பார்த்தேன். சுமார் 5 கிலோமீட்டர் சாதாரண ரோடு, மற்ற நாளில் பால் வண்டியும் பஸ்ஸும் போகிற ரோடு. சர்க்யூட்டில் ஒரு வளைவில் சொதப்பினால் அடுத்த சுற்றில் சரிசெய்துகொள்ளலாம், இங்கே அடுத்த சுற்றே கிடையாது. எனக்குப் பிடித்தது அதுகூட இல்லை. எல்லாரும் ஏறி முடித்ததும், காது கிழியக் கத்திய அதே கார்கள் பெட்டிப்பாம்பாக அடங்கி, வரிசையாக மெல்ல இறங்கி வரும், ஓட்டுநர்கள் கையை வெளியே நீட்டி ஆட்டுவார்கள், தோற்றவன் ஜெயித்தவன் வித்தியாசம் இல்லாமல் ஜனம் கைதட்டும்.

சரி, கதைக்கு வருகிறேன். 1970இல் ஹின்வில் ஊரில் பெற்றோர் வீட்டு நிலவறையில் வைத்து சாபர் சொந்தமாக ஒரு கார் செய்தார். பெயர் சி1. அந்த 'சி' மனைவி கிறிஸ்டியானின் முதல் எழுத்து. அப்புறம் வந்த கார்களில் பெரும்பாலானவற்றுக்கும் அதே எழுத்துதான். (என் மனைவியிடம் சொன்னேன், நம் ஸ்கூட்டருக்குக்கூட நீங்கள் பெயர் வைக்கவில்லையே என்றாள்.) அந்தக் காரில் மலைப்பந்தயப் பட்டமும் வாங்கினார். ஆனால் அவரிடம் நான் மதிப்பது பட்டத்தை அல்ல, தன்னைவிட நன்றாக ஓட்டுகிறவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு இவர் காரைக் கட்டப் போனதைத்தான்.

பலன் என்ன தெரியுமா? 1989 லெ மான்ஸில் சாபர் சி9 முதலிடமும் இரண்டாமிடமும் பிடித்தது. உள்ளே இருந்தது மெர்சிடிஸ் இன்ஜின். எந்த விபத்தால் ஒரு நாடு பந்தயத்துக்குக் கதவைச் சாத்தியதோ, அதே இடத்தில், அதே கம்பெனியை, அந்த நாட்டுக்காரன் ஒருவன் ஜெயிக்க வைத்திருக்கிறான். எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

ஃபார்முலா 1க்கு 1993இல் வந்தார், முதல் பந்தயத்திலேயே அவர் ஓட்டுநர் லேட்டோ ஐந்தாவது. 2001இல், அதுவரை 23 கார் பந்தயம் மட்டுமே ஓட்டியிருந்த ரைக்கோனனை, பலர் முகம் சுளித்தும் சீட்டில் உட்கார வைத்தார். ஒரே வருடத்தில் மெக்லாரன் டீம் அவனைத் தூக்கிக்கொண்டு போனது. ஆளை எடைபோடும் கண் இருக்கே, அது தானே ஒரு காலத்தில் ஓட்டியவனுக்குத்தான் வரும் என்பது என் கட்சி.

அப்புறம் டீமை பிஎம்டபிள்யூவுக்கு விற்றார். 2008 கனடாவில் அந்த டீமின் குபிட்சா ஜெயித்தான், ஹைட்ஃபெல்ட் இரண்டாவது. மறு வருடமே பிஎம்டபிள்யூ கடையைக் கட்டியது. சாபருக்கு அப்போது 66 வயது, பணம் வந்தாயிற்று, வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம். மனுஷன் டீமைத் திருப்பி வாங்கினார்! 2010இல் ஸ்பான்சர் இல்லாமல் கிட்டத்தட்ட வெள்ளையாக நின்ற அந்தக் காரைப் பார்த்திருப்பாய். அதில் கூத்து என்னவென்றால், காகிதத்தில் டீம் பெயர் பிஎம்டபிள்யூ சாபர், இன்ஜின் ஃபெராரி. இரண்டு வருடம் கழித்து மலேசிய மழையில் அவர் டீமின் பெரஸ் இரண்டாவது வந்தான். அந்த அக்டோபரில் டேராடூனில் பிறந்த மோனிஷா கால்டன்போர்னிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டார். மோனிஷாதான் ஃபார்முலா 1இன் முதல் பெண் டீம் தலைவர்.

அது இருக்கட்டும். போன கடிதத்தில் இரண்டாவது சிலிண்டரில் ஏதோ தட்டுகிற சத்தம் என்று எழுதியிருந்தாயே, பிஸ்டன் பின்தானா? கழற்றிப் பார்த்தாயா? ஆகஸ்டில் ஒரு வாரம் பட்டறையைப் பூட்டிவிட்டு வா, லெ ராஞ்சியேவில் அந்த வேலியோரம் இரண்டு பேர் நிற்க இடம் இருக்கிறது.

அன்புடன்,
ரவி